வலி மருந்துகளைப் படிக்க ஆறு ஞாயிறுகள்: சென்னை மருந்தாளுநர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம்

சென்னையில் ஒரு மருந்துக்கடைக் கவுன்டருக்கு ஒரே மாலையில் இரண்டு பேர் வரக்கூடும். ஒருவர் புற்றுநோயோடு போராடும் அம்மாவுக்கு மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று கேட்பார். இன்னொருவர் டாக்டர் சீட்டே இல்லாமல் டேபென்டடால் என்ற வலி மாத்திரை ஒரு அட்டை கேட்பார். முதலாமவரை “அதெல்லாம் இங்க இல்லங்க” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவதும், இரண்டாமவருக்குப் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஓபியாய்டு மருந்துகளை, அதாவது மார்ஃபின் வகை வலி நிவாரணிகளை, கையாள்வது எப்படி என்று படிப்பு முடித்த பிறகு நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகளின்படி, பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி குறைந்தது இரண்டு முடித்திருக்க வேண்டும். வலி சிகிச்சைக்கு அது போதாது. ஒரு வட்டாரத்து மருந்தாளுநர்கள் தாங்களே சேர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து முடிக்கக்கூடிய திட்டம் இது.

ஏற்பாடு

8 முதல் 12 பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாரும் ஒரே வட்டாரமாக இருப்பது நல்லது. பெரம்பூர் என்றால் பெரம்பூர், வேளச்சேரி என்றால் வேளச்சேரி. ஒரே டாக்டர்களின் சீட்டுகள்தான் எல்லாருடைய கவுன்டருக்கும் வருகின்றன. ஒரு கடையில் மறுக்கப்பட்டவர் அடுத்த தெருக் கடைக்குத்தான் போகிறார். ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை செய்யும் இரண்டு பேரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் மாத்திரையை எண்ணிக் கொடுத்த அனுபவம் அவர்களிடம்தான் இருக்கும்.

நேரம் மதியம் 2.30 முதல் 4.30. மாலை 6 மணிக்கு மேல் யாராலும் கவுன்டரை விட்டு வர முடியாது. செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளுங்கள். வலி மருந்து விற்கும் கம்பெனியின் பணம் வேண்டாம். அந்தப் பணம் வந்தால் அந்த மருந்தின் பக்கவிளைவைப் பற்றிய பேச்சு தானாகவே சுருங்கிவிடும். பயிற்சியைப் புதுப்பித்தலுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பதைத் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவரும் வலி மருந்து எழுதிய ஐந்து பழைய சீட்டுகளை, பெயரும் போன் நம்பரும் மறைத்து, கொண்டுவர வேண்டும். பாடம் அந்தச் சீட்டுகளிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் ஞாயிறு: வலியைக் காது கொடுத்துக் கேட்பது

பாடப்புத்தகம் நரம்பு வலி, திசு வலி என்று பிரிக்கிறது. கவுன்டரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் வலியின் வகையைச் சொல்ல நம் மக்களிடம் நுட்பமான சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பலகையில் எழுதிப் பிரிப்பதே முதல் மணி நேரத்தின் வேலை.

“திகுதிகுனு எரியுது”, “சுரீர்னு இழுக்குது”, “ஊசி குத்துற மாதிரி இருக்கு”, “மதமதன்னு இருக்கு”, “புடவை பட்டாலே தாங்கல” என்பவை எல்லாம் நரம்பைக் காட்டும் சொற்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்திலும், அக்கி வந்து ஆறிய இடத்திலும் இவற்றைத்தான் கேட்பீர்கள். இங்கே டைக்ளோஃபினாக் எத்தனை அட்டை போனாலும் வலி அசையாது, சிறுநீரகம்தான் கெடும். டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அமிட்ரிப்டிலின், பிரிகாபலின், கபாபென்டின் போன்றவை எழுதப்படுவது இதற்குத்தான். “குடைச்சல்” என்றால் எலும்பு, மூட்டு ஆழம். “விண்விண்ணுனு தெறிக்குது” என்றால் சீழ், பல் வேர். “முறுக்கி முறுக்கி விட்டு விட்டு வருது” என்றால் குடலோ சிறுநீர்க் குழாயோ.

எண் கேட்டால் பெரியவர்கள் குழம்புவார்கள். “பத்துக்கு எத்தனை?” என்பதை விட, “முதல்ல இருந்த வலி ஒரு ரூபான்னா இப்ப எத்தனை அணா?” என்று வயதானவரிடம் கேட்டால் பதில் உடனே வரும். மருந்துக்கு முன்பும் பின்பும் அதே அளவுகோலில் கேட்டால் போதும், ஒப்பிட முடியும்.

மாத்திரை கொடுக்கக் கூடாத வலிகளையும் இந்த ஞாயிறே படித்துவிடுங்கள். “வாயுப் பிடிப்பு” என்று நெஞ்சைக் காட்டுபவருக்கு வியர்வையோ, இடது கை, தாடை வரை இழுப்போ இருந்தால் 108. இடுப்பு வலியோடு கால் பலம் குறைவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. புற்றுநோயாளி புதிதாக முதுகு வலி என்று சொன்னால் தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நடக்கும் திறனே போய்விடலாம்.

இரண்டாம் ஞாயிறு: கூட்டல் கணக்கு

கால்குலேட்டரோடு உட்காருங்கள். ஒருவர் காய்ச்சலுக்காக பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரையைத் தினம் நான்கு போடுகிறார்: 2,600 மி.கி. மூட்டு வலிக்கு டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை, வேளைக்கு இரண்டு வீதம் மூன்று வேளை எழுதியிருக்கிறது: 1,950 மி.கி. மொத்தம் 4,550. ஒரு நாள் உச்சவரம்பான 4,000 தாண்டிவிட்டது. இரண்டு சீட்டும் இரண்டு டாக்டர்களுடையது, இரண்டும் தனித்தனியாகச் சரி. தவறைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் கவுன்டரில் இருப்பவர். குடிப்பழக்கம், கல்லீரல் நோய், 50 கிலோவுக்குக் கீழ் எடை என்றால் வரம்பு இன்னும் தாழ்வானது. சளி மாத்திரைகளுக்குள் இருக்கும் பாராசிட்டமாலையும் கூட்டிப் பாருங்கள்.

டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளோடு டெல்மிசார்ட்டன் மாதிரி பி.பி. மருந்தும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு இது சட்டென்று நடக்கும்.

அடுத்தது டிரமடால். ஒரு நாளைக்கு 400 மி.கி. உச்சம், 75 வயதைத் தாண்டியவருக்கு 300. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 200. வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டும். மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் சாப்பிடுபவருக்கு இரட்டைச் சிக்கல்: ஒரு பக்கம் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகையாகி நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம், இன்னொரு பக்கம் டிரமடால் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவது தடைபட்டு வலியே குறையாமல் போகும். 12 வயதுக்குக் கீழ் குழந்தைக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது. கையெழுத்துப் புரியாத சீட்டில் டிரமடால் 50ம் டிராசடோன் 50ம் ஒன்றுபோலத் தெரியும். “இது வலிக்கா, தூக்கத்துக்கா?” என்று நோயாளியைக் கேட்டாலே தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், யூகித்து எடுக்காதீர்கள்.

மூன்றாம் ஞாயிறு: மார்ஃபின்

இந்த ஒரு நாளுக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது சுமார் நான்கு மணி நேரம். அதனால் நேர அட்டவணை காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு, அப்போதுதான் நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டியிருக்காது. ஆக ஒரு நாளில் ஐந்து வேளை, ஆறு பங்கு. வேளைக்கு 10 மி.கி. என்றால் நாளைக்கு 60 மி.கி. இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் அளவு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இங்கே 10 மி.கி. ஏழு நாளைக்கு 42 மாத்திரை, பீறிடும் வலிக்கு நாளைக்கு இரண்டு வீதம் 14, மொத்தம் 56. பீறிடும் வலிக்கான மாத்திரையைச் சேர்க்காமல் 42 மட்டும் கொடுத்தால், ஆறாம் நாள் சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டில் மருந்து தீர்ந்திருக்கும். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக விடும்) மாத்திரை வேறு, சாதாரண மாத்திரை வேறு. எஸ்.ஆர். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. அதைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தால் 12 மணி நேரத்து மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். “மாத்திரையை எப்படிச் சாப்பிடுறாங்க?” என்ற கேள்வியை விடக் கூடாது.

மலச்சிக்கலுக்கு வருவோம். குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அரைத் தூக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும். மலச்சிக்கல் மட்டும் மருந்து இருக்கும்வரை இருக்கும், உடம்பு அதற்குப் பழகாது. அதனால் முதல் மார்ஃபின் மாத்திரையோடு முதல் மலமிளக்கியும் போக வேண்டும்: சென்னா அல்லது பிசகோடைல், தேவைப்பட்டால் லாக்டுலோஸும். இங்கே நம் ஊரில் நடக்கும் தவறு, “இசப்கோல் கலக்கிக் கொடுங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்புவது. ஓபியாய்டு குடலின் அசைவையே நிறுத்துகிறது. அசையாத குடலுக்குள், தண்ணீரும் சரியாகக் குடிக்க முடியாதவருக்கு, இசப்கோலைப் போட்டால் அது ஊறி அடைத்துக்கொள்ளும். மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினை நிறுத்திவிட்டு வலியோடு கிடப்பவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானால் மார்ஃபினின் கழிவுகள் உடலில் தங்கும். கை கால் திடீர் திடீரென்று துள்ளுவது, பேச்சு குழறுவது, மயக்கம் என்று வீட்டார் சொன்னால் அன்றே டாக்டருக்குத் தகவல் போக வேண்டும். அல்பிரசோலம், பிரிகாபலின், மது ஆகியவை கூடச் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து பல மடங்கு.

கடைசி அரை மணி நேரம் நடித்துப் பாருங்கள். ஒருவர் நோயாளியின் அக்கா, ஒருவர் மருந்தாளுநர்.

“தம்பி, மார்ஃபின்னு எழுதியிருக்காரே. அப்ப கடைசி நாள் வந்துருச்சுன்னு அர்த்தமா?”

“இல்லம்மா. வலி அதிகமா இருக்குன்னுதான் அர்த்தம். வலி குறைஞ்சா சாப்பிடுவாங்க, தூங்குவாங்க. இதைப் பல மாசம் சாப்பிடுறவங்க இருக்காங்க.”

“பழகிடுச்சுன்னா?”

“திடீர்னு நிறுத்தினா உடம்பு படுத்தும், அதனால டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. அது போதைக்கு அடிமையாகுறது இல்லம்மா. ராத்திரி மட்டும் ரெண்டு மாத்திரை, மறந்துடாதீங்க. இதோ, அட்டவணை எழுதித் தர்றேன்.”

உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு என்பதை இவ்வளவு எளிய வார்த்தைகளில் சொல்லத் தெரிந்தவரே இந்தப் பாடத்தை முடித்தவர். அடிமைத்தனம் வரவே வராது என்றும் சொல்லாதீர்கள். வீட்டில் முன்பு குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் இருந்தால் மாத்திரையைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்பதற்கும் பதில் வேண்டும். சாதாரண ரீடெய்ல் லைசென்ஸை மட்டும் வைத்து யாரும் மார்ஃபின் வாங்கி விற்க முடியாது. 2014 சட்டத்திருத்தமும் 2015 விதிகளும் மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆறையும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியே வகுத்தன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை வைத்துக் கொடுக்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவை சென்னையில் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள். உங்கள் வட்டாரத்தில் எங்கெங்கே கிடைக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், நோயாளி வராமல் வீட்டார் வந்தால் என்ன காகிதம் வேண்டும் என்று குழுவே போன் செய்து விசாரித்து ஒரு பக்கமாக எழுதி எல்லாக் கவுன்டரிலும் ஒட்டுங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு; அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

நான்காம் ஞாயிறு: பேட்ச்

பேட்ச் என்பது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை. ஃபென்டனில் பேட்ச் 72 மணி நேரத்துக்கு, புப்ரெனார்ஃபின் பேட்ச் 7 நாளைக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதே முதல் தவறு. மணிக்கு 25 மைக்ரோகிராம் விடும் ஃபென்டனில் பேட்ச் சிறிதாகத் தெரியும், ஆனால் அது நாளைக்கு வாய்வழி மார்ஃபின் சுமார் 60 மி.கி.க்குச் சமம். இதுவரை ஓபியாய்டே சாப்பிடாத பாட்டிக்கு மூட்டு வலிக்கென்று எழுதி வந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒட்டியதும் வேலை செய்யாது, முழுப் பலன் வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதனால் 12 மணி நேர மார்ஃபினின் கடைசி மாத்திரையை முதல் பேட்ச் ஒட்டும் நேரத்திலேயே கொடுப்பது வழக்கம். கழற்றிய பிறகும் பல மணி நேரம் தோலில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்.

சாதாரண பிளாஸ்திரியை வைத்து ஒவ்வொருவரும் செய்து பாருங்கள். முடி இருந்தால் கத்தரியால் வெட்ட வேண்டும், சவரம் செய்யக் கூடாது. சோப்பு, எண்ணெய் இல்லாமல் வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஒட்டி உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். தேதியும் நேரமும் எழுதுங்கள். திங்கள் காலை 8 என்றால் அடுத்தது வியாழன் காலை 8, பிறகு ஞாயிறு காலை 8, ஒவ்வொரு முறையும் வேறு இடம். பேட்சை வெட்டக் கூடாது.

நம் ஊருக்கு மிக முக்கியமானது வெப்பம். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது இங்கே அன்பின் வெளிப்பாடு. பேட்ச் மேல் அதைச் செய்தால் மூச்சு நின்றுபோகலாம். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ் தாண்டினாலும் இதே ஆபத்து, வீட்டார் டாக்டரைக் கேட்க வேண்டும். மே மாதம் மின்சாரம் போன ஓட்டு வீட்டில் படுத்திருப்பவர் இருக்கிறாரா என்று கேட்டு எச்சரியுங்கள். கழற்றிய பேட்சில் குழந்தையின் உயிரை எடுக்கும் அளவு மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

ஐந்தாம் ஞாயிறு: பதிவேடும் மறுப்பும்

டிரமடால் 2018 ஏப்ரல் முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருள். அதோடு அது ஹெச்1 பட்டியலிலும் (விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துகள்) உண்டு. அந்தப் பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில், கொடுக்கும்போதே எழுதி 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். இரவு கடை மூடும்போது நினைவிலிருந்து எழுதுவதுதான் வழக்கமான பிழை. இருப்பு எண்ணிக்கையும் பதிவேடும் பொருந்தாமல் போவது அதனால்தான். வாரம் ஒரு நாள் அலமாரியில் இருக்கும் மாத்திரையை எண்ணிப் பாருங்கள்.

மறுப்பதற்கும் பயிற்சி வேண்டும். ஜெராக்ஸ் சீட்டு, வாட்ஸ்அப் படம், தேதி திருத்திய சீட்டு, பத்து நாள் மாத்திரைக்கு நான்காம் நாளே வருவது, டேபென்டடாலோடு சிரிஞ்சும் கேட்பது ஆகியவை அறிகுறிகள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் அதிலுள்ள கலப்புப் பொருட்கள் ரத்தக் குழாயையும் நுரையீரலையும் அடைக்கும். தமிழ்நாட்டில் இளைஞர்கள் இப்படி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. குரலை உயர்த்தாதீர்கள். “ஒரிஜினல் சீட்டு இல்லாம கொடுக்க முடியாது தம்பி” என்பதோடு நிறுத்துங்கள். தனியாக வந்தவர் என்றால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் சொல்லுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையும் சொல்லலாம்.

அதே சமயம் சீக்கிரம் வருபவர்கள் எல்லாரும் தவறானவர்கள் அல்ல. வலி கட்டுப்படாதவரும் சீக்கிரம்தான் வருவார். “எத்தனை மணிக்கு மறுபடி வலி வருது?” என்று கேட்டால் அவர் நேரத்தோடு பதில் சொல்வார்.

நோயாளி இறந்த பிறகு மிஞ்சிய மார்ஃபினை உங்களிடம் கொடுக்க வந்தால் வாங்கி வைக்காதீர்கள். கொடுத்த மருத்துவமனையிலேயே கேட்டுத் திருப்பச் சொல்லுங்கள்.

ஆறாம் ஞாயிறு: அவசரமும் கணக்கெடுப்பும்

எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழ், கண்மணி ஊசிமுனை அளவு: இந்த மூன்றும் சேர்ந்தால் ஓபியாய்டு மிகை. 108ஐ அழைத்து, பேட்ச் இருந்தால் கழற்றி, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நின்றுவிட்டால் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டும். ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் ஊசி 1 மில்லியில் 0.4 மி.கி. அது 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும், எஸ்.ஆர். மாத்திரையும் பேட்சும் அதற்குப் பிறகும் வேலை செய்யும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. ஆஸ்பத்திரி பார்மசிக்காரர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும்: வலிக்காகவே மார்ஃபின் சாப்பிடுபவருக்கு முழு ஆம்பூலையும் ஒரேயடியாகச் செலுத்தினால் மொத்த வலியும் ஒரு நொடியில் திரும்பிவிடும். 10 மில்லியாகக் கரைத்து, மூச்சைப் பார்த்துப் பார்த்து 1, 2 மில்லியாகக் கொடுப்பார்கள்.

பக்கவிளைவு எதைக் கண்டாலும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். இலவச எண் 1800 180 3024. மருந்தாளுநரே தெரிவிக்கலாம், டாக்டர் கையெழுத்து வேண்டியதில்லை.

மீதி நேரத்தில் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒவ்வொரு கடையிலும் கடைசி 20 ஓபியாய்டு பில்களை எடுத்து மூன்றே எண்கள் எழுதச் சொல்லுங்கள்: மலமிளக்கியோடு போனவை எத்தனை, கூடச் சாப்பிடும் மருந்துகளைக் கேட்டுக் கொடுத்தவை எத்தனை, பதிவேட்டில் அன்றே ஏறியவை எத்தனை. முதல் ஞாயிறுக்கு முன்பே இதை ஒரு முறை எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். மலமிளக்கி எண் 20க்கு 15ஐத் தொடாத கடைக்காரர் அடுத்த குழு தொடங்கும்போது மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் திரும்ப வந்து உட்காரட்டும்.